திங்கட்கிழமைக்குள் கோல்ஃப்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் ‘இது தெரியுமா?’ என்று யாராவது கேட்டால் முதலில் ‘தெரியும்’ என்று சொல்வார்கள்; அது என்ன என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். இதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை. நடுவில் ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் போதும், சொன்னது உண்மையாகிவிடும் என்ற நம்பிக்கை. வெள்ளிக்கிழமை நேர்முகத்தில் தெரியும் என்று ஒப்புக்கொண்ட கணினி மொழியைத் திங்கட்கிழமை காலையில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள்.

என் தோழி செய்ததும் அதுதான். கேட்கப்பட்டது மட்டும் கணினி மொழி இல்லை. ஒரு வியாழக்கிழமை மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது அவர்கள் பிரிவின் டைரக்டர் அவளைப் பார்த்து, “டூ யூ கோல்ஃப்?” என்று கேட்டார். “யெஸ், அஃப் கோர்ஸ்” என்றாள். அதுவரை கோல்ஃபுடன் அவளுக்கு இருந்த தொடர்பு, டிவியில் சேனல் மாற்றும்போது நடுவில் வந்துபோகும் பச்சை நிறம்.

அந்தக் கேள்வி சும்மா கேட்ட கேள்வி அல்ல. அவர்கள் குழுவின் மேனேஜர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி என் தோழி. குழுவில் அவள்தான் மூத்தவள். எந்த நேரத்தில் எந்தச் சர்வர் விழுந்தாலும் அவள் ஃபோன்தான் அடிக்கும். இன்னொருவர் ஒரு திருச்சிக்காரர். கூட்டங்களில் மிக நன்றாகத் தலையாட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை டைரக்டர், வாடிக்கையாளர் கம்பெனி ஆட்களையும் தம் ஆட்களில் சிலரையும் சேர்த்துக் கோல்ஃப் ஆடக் கூட்டிப்போவார். கோல்ஃப் வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அன்று அவர் பக்கத்தில் யார் உட்காருகிறாரோ அவருக்குத்தான் பதவி. போன மேனேஜர் அப்படி வந்தவர், அவருக்கு முன்பிருந்தவரும். விண்ணப்பம், நேர்முகம், மதிப்பெண் எல்லாம் உண்டு. அவை வண்டிக்குப் பிறகு நடக்கும்.

இந்த வருடம் வண்டி திங்கட்கிழமை.

எனக்கு ஃபோன் வந்தது. நான் அதே கம்பெனியில் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதும் மென்பொருள் எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பது என் தொழில். அதனாலோ என்னவோ, உடையப்போகும் எதையும் தொடங்குவதற்கு முன் அவள் என்னைத்தான் கூப்பிடுவாள்.

“சனிக்கிழமை ஃப்ரீயா நீ?”

“இல்ல. டோர்னமென்ட்.”

“என்ன டோர்னமென்ட்? யாரு, நீயா?”

“அக்கா பொண்ணுக்குடி. ஸ்கூல் பாஸ்கெட்பால். அக்காவும் மாமாவும் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருக்காங்க. நான்தான் ட்ரைவ் பண்ணணும், உக்காந்து கைதட்டணும், சாப்பாடு போடணும்.”

“எந்த ஸ்கூல்ல நடக்குது?”

சொன்னேன். மறுமுனையில் கீபோர்டு சத்தம் கேட்டது.

“அதுக்குப் பக்கத்துலயே ஒரு கோல்ஃப் கோர்ஸ் இருக்குடி. யார் வேணா போயி ஆடலாம். மட்டை கூட வாடகைக்குத் தர்றான். காலைல ஒரு மேட்ச், சாயங்காலம் ஒரு மேட்ச்தானே? நடுவுல என்ன பண்ணப் போற நீ?”

பள்ளிக்கூட டோர்னமென்டில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் எங்கள் காப்பெல் ஊர்ப் பெற்றோர் செய்பவை எனக்குத் தெரியும்: காரில் இருக்கையைச் சாய்த்துத் தூங்குவது, பார்க்கிங் லாட்டைச் சுற்றி நடந்து, அடி எண்ணும் கைக்கடிகாரத்துக்குக் கணக்குக் காட்டுவது, டிக்கியைத் திறந்து எலுமிச்சைச் சோறு பரிமாறுவது, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதாகத் தெரிவது. கோல்ஃப் இவற்றைவிட மோசமாக இருக்காது என்று நினைத்தேன். என் மதிப்பீடுகள் பொதுவாகச் சரியாக இருக்கும்.

சனிக்கிழமை காலை தோழி வந்து காரில் ஏறியபோது அவளிடம் புதிய ஷூ, தொப்பி, காலர் வைத்த சட்டை, இடது கைக்கு மட்டும் ஒரு வெள்ளைக் கையுறை எல்லாம் இருந்தன. ஆடத்தான் தெரியாது. இரண்டு இரவுகளாக வீடியோ பார்த்திருந்தாள்.

“எதை வேணா கேளு,” என்றாள். “ரூல்ஸ், ஹிஸ்டரி, எந்த மட்டை எதுக்கு. இன்டர்வியூன்னா ஒரு மணி நேரம் பேசுவேன்.”

“அடிக்கச் சொன்னா?”

“அதுக்குத்தானே போறோம்.”

பின்சீட்டிலிருந்து அக்கா மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். “வெயிட். ஆன்ட்டி, யூ டோல்ட் யுவர் பாஸ் யூ ப்ளே கோல்ஃப்? பட் யூ டோன்ட்?”

“ஆன்ட்டின்னு கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது? அக்கான்னு கூப்பிடு.”

“ஓகே. அக்கா, தட்ஸ் லையிங்.”

“லையிங் இல்லம்மா. அட்வான்ஸ் புக்கிங்.”

பதினாறு வயதுக்காரி, இரண்டாம் ஆட்டத்துக்கு நான் இருக்கையில் இருக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டுக் காதில் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூட உள்ளரங்கில் நம்மவர்கள் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இவர்களில் பாதிப் பேருக்குப் பாஸ்கெட்பாலில் எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்று தெரியாது. விசில் ஊதியதும் கத்துவார்கள். தங்கள் பெண் தப்புச் செய்திருந்தாலும் கத்துவார்கள். அவர்களுக்கு அது பந்து விளையாட்டு இல்லை, கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி. அந்த வரி மூச்சு வாங்க ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

திருச்சிக்காரர் அங்கே இருந்தார். அவர் மகளும் அதே அணி. மார்பில் ‘கூடைப்பந்து அப்பா’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பனியன் போட்டு, அணிக்காக ஒரு டப்பா நிறைய ஆரஞ்சுச் சுளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோழியைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“அடடே, வாங்க வாங்க. என்ன இந்தப் பக்கம்? நீங்களும் பிளேயர் மாதிரி வந்திருக்கீங்க?”

“சும்மாங்க. இவளுக்குக் கம்பெனி குடுக்கலாம்னு.”

“திங்கக்கிழமை கோல்ஃபுக்கு வர்றீங்களாமே. என்னையும் வரச் சொல்லிட்டாருங்க. நமக்கு எங்கங்க அதெல்லாம் தெரியும்? கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்க வேண்டியதுதான்.” சிரித்துவிட்டு ஆரஞ்சை நீட்டினார். “எடுத்துக்கோங்க.”

முதல் ஆட்டம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது எங்கே என்று கேட்டார். மளிகைக் கடைக்கு என்றாள் தோழி. காரில் ஏறியதும் அவள் முகத்தில் கருணை பொங்கியது.

“பாவம்டி. அந்தாளு திங்கக்கிழமை அங்க வந்து என்ன பண்ணப்போறாரு?”

கோல்ஃப் கோர்ஸில் இரண்டு பேரைத் தனியாக ஆட விடமாட்டார்கள் என்பது எந்த வீடியோவிலும் சொல்லப்படவில்லை. வாசலில் இருந்தவர் எங்களுடன் ஒரு வயதான டெக்ஸஸ்காரரைச் சேர்த்துவிட்டார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். தோழி ஆடுவாள், நான் வண்டி ஓட்டுவேன் என்று ஏற்பாடு. காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது.

அவள் முதல் அடியை அடித்தாள். மட்டை முழு வட்டமாகச் சுற்றி வந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

“ப்யூட்டிஃபுல் ஸ்விங்,” என்றார் பல் மருத்துவர்.

இரண்டாவது அடியில் புல் பெயர்ந்து பந்தைவிடத் தூரம் போனது. “குட் எனர்ஜி.” மூன்றாவது, பக்கவாட்டில் பறந்து எங்கள் வண்டியின் சக்கரத்தில் பட்டது. “யூ காட் அ பீஸ் ஆஃப் தட் ஒன்.” இந்த நாட்டில் ஒருவர் எவ்வளவு மோசமாகச் செய்கிறார் என்பதை அவருக்குக் கிடைக்கும் பாராட்டின் அளவை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மனிதர் அன்று பாராட்டிப் பாராட்டிக் களைத்துப்போனார்.

நான் பார்த்தவரை தவறுகள் நான்கு வகை. அடிப்பதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பந்து எங்கே போகிறது என்று தேடுவது. கரண்டியைப் போல மட்டையைப் பிடிப்பது. முட்டியை மடக்க மறப்பது, நினைவு வந்தால் மிக அதிகமாக மடக்குவது. நான்காவது, ஒவ்வொரு அடிக்கும் முன்பும் அந்த அடியின் தத்துவத்தை எங்களுக்கு விளக்குவது. முதல் மூன்றையும் சரிசெய்யலாம் என்று அவளிடம் சொன்னேன்.

“நீ டெஸ்டிங் பண்ணாத. என்கரேஜ் பண்ணு.”

“ப்யூட்டிஃபுல் ஸ்விங்.”

“சனியனே.”

ஐந்தாவது குழி அருகே மைதானத்தை ஒட்டி வரிசையாக வீடுகள். அங்கேதான் அவள் அன்றைக்கு முதல்முறையாகப் பந்தைச் சரியாக அடித்தாள். உயரமாக, நேராக, அழகாகப் பறந்து அது ஒரு வீட்டுக் கொல்லைக்குள் போய் விழுந்தது. எதிலோ பட்டு ‘டொய்ங்’ என்றது.

“யாருங்க அது?” என்று உள்ளே இருந்து தமிழில் ஒரு குரல்.

வேலிக்குப் பக்கத்தில் போனோம். நைட்டிமேல் ஜாக்கெட் போட்ட ஓர் ஆன்ட்டி, துணி உலர்த்தும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கொல்லையில் துணி காயப்போட அந்தக் குடியிருப்பில் அனுமதி இருக்காது. அதனால் எங்களைப் பார்த்ததும் முதலில் பயந்தவர் அவர்தான். தமிழ் முகங்கள் என்று தெரிந்ததும் தெளிந்தார்.

“சாரி ஆன்ட்டி. தெரியாம விழுந்துடுச்சு.”

“தெரிஞ்சு அடிச்சா இங்க எதுக்கு விழப்போகுது? இரு.” உள்ளே போய்ப் பழைய அரிசிப் பை ஒன்றைத் தூக்கி வந்தார். அது நிறைய கோல்ஃப் பந்துகள். “இதையும் எடுத்துட்டுப் போங்க. கேரேஜ்ல இடம் இல்ல. ஆபீஸுக்காகக் கத்துக்கறியாம்மா?”

“ஆமா ஆன்ட்டி.”

“எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு. பெரிய பொசிஷனுக்குப் போகணும்னா ஆடணும்னாங்க. அதுக்குத்தான் இங்க வீட்டையே வாங்குனாரு.”

“அங்கிள் பெரிய பொசிஷனுக்குப் போயிட்டாரா?”

“முதுகு வலி வந்துச்சு,” என்றார் ஆன்ட்டி. “டீ போடட்டுமா?”

போட விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோழி மறுத்துவிட்டு, அரிசிப் பையுடன் இன்னும் நான்கு குழி ஆடினாள். பந்து தீர்ந்துவிடும் என்ற பயம் போனதும் ஆட்டம் இன்னும் கெட்டது. கடைசிக் குழியில் எப்படியோ ஒரு பந்து உள்ளே விழுந்தது. அவள் கத்திய கத்தலில் குளத்திலிருந்த வாத்துகள் எழுந்தன. பல் மருத்துவர் கைகொடுத்து, அவளோடு ஆடியது தமக்குப் பெருமை என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

“திங்கக்கிழமைக்கு இது போதும்டி,” என்றாள். உள்ளங்கையில் கொப்புளம். முகம் கன்றியிருந்தது. உண்மையிலேயே போதும் என்று நம்பினாள்.

நாங்கள் உள்ளரங்குக்குத் திரும்பியபோது இரண்டாம் ஆட்டத்தில் பாதி முடிந்து இடைவேளை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன தோழி அப்படியே நின்றாள். அவள் முதுகில் நான் மோதினேன்.

இருக்கை வரிசைக்கு முன்னால் வெறும் தரையில் திருச்சிக்காரர் நின்றிருந்தார். கையில் சுருட்டிய டோர்னமென்ட் அட்டவணை. அவருக்குப் பின்னால், அவரது இரண்டு முழங்கைகளையும் பிடித்துக்கொண்டு டைரக்டர். அட்டவணையை மட்டையாகப் பாவித்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னும், குழந்தைக்குத் தூளி ஆட்டுவது போல ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆரஞ்சு டப்பா காலியாக இருந்தது.

“திஸ் இஸ் வெரி டிஃபிகல்ட், சார்,” என்றார் திருச்சிக்காரர்.

“நோ, நோ, யூ ஆர் டூயிங் கிரேட்!”

டைரக்டரின் மகளும் அந்த அணியில் ஆடுகிறாளாம்; காலை ஆட்டத்துக்கு வர முடியாதவர் இதற்கு வந்திருந்தார். முழு சீசனும் இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டைரக்டர் நிமிர்ந்தார். அவர் பார்வை தோழியின் இடது கையில் நின்றது. கையுறையைக் கழற்ற மறந்திருந்தாள்.

இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே போய்க் கோல்ஃப் ஆடிவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. இவ்வளவு ஆர்வமுள்ள ஆட்டக்காரி தம் பிரிவிலேயே இருப்பது தெரியாமல் போயிற்றே என்றார். அவளைப் புதிதாகக் கற்பவர்களோடு போட இருந்தாராம். நல்லவேளை பார்த்தோம் என்றார். வாடிக்கையாளர் கம்பெனியில் மூன்று பேர் மிக நன்றாக ஆடுவார்கள், திங்கட்கிழமை அவர்களோடு அவள் ஆடட்டும், அவர்களுக்குச் சரியான ஜோடி. “இவரைத்தான் நான் என் வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். பாவம், மட்டையைப் பிடிக்கவே தெரியவில்லை. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா?”

திருச்சிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டார்.

நான் தோழியின் முதுகில் விரலால் குத்தினேன். ஒரே வாக்கியம் போதும். ‘எனக்கும் தெரியாது, இன்றைக்குத்தான் முதல்முறை மட்டையைப் பிடித்தேன்.’ சிரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். டைரக்டருக்கு இன்னொரு ஜோடி முழங்கை கிடைத்திருக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

“சவுண்ட்ஸ் கிரேட்,” என்றாள்.

ஆட்டம் முடிந்து காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அக்கா மகள், எடுத்து வைத்திருந்த ஆரஞ்சுச் சுளையைத் தின்றுகொண்டிருந்தாள். தான் போட்ட நல்ல கூடை நாங்கள் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது என்பதைப் பொறுமையாகத் தெரிவித்தாள். பிறகு, “ஒய் வாஸ் தட் அங்கிள் டூயிங் தட் வியர்ட் டான்ஸ்?” என்றாள்.

“டான்ஸ் இல்லடி. அவருக்கு கோல்ஃப் தெரியாது. அவர் பாஸ் சொல்லிக்குடுத்தாரு.”

“வாட்? ஹி இஸ் ரியலி குட் அட் கோல்ஃப். தேர் கராஜ் இஸ் ஃபுல் ஆஃப் க்ளப்ஸ். எவ்ரி சண்டே போவார், சித்தி. ஹிஸ் டாட்டருக்கும் சொல்லிக்குடுத்திருக்கார்.”



“நிறுத்து,” என்றாள் தோழி.

பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். இறங்கிப் போய், காற்றடிக்கும் மெஷினை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

“இஸ் ஆன்ட்டி ஓகே?”

“இல்ல,” என்றேன்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். டைரக்டரிடம் சொல்லிவிடு என்றேன்.

“என்னன்னு சொல்றது? அவருக்கு ஆடத் தெரியும், தெரியாதுன்னு பொய் சொல்றாருன்னா? அடுத்த கேள்வி என்ன வரும்? உனக்குத் தெரியுமா, வா, ஆடிக் காட்டுன்னு வரும். அப்ப நான் எங்க போறது?”

இரண்டு பொய்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் சேர்ந்து வரும். அவருடையது மட்டும் நல்ல துணியில் தைத்தது.

திங்கட்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். இவள் குழுவுக்குச் சற்று முன்னால் ஆடிக்கொண்டு போன திருச்சிக்காரரின் ஆட்டம் கலை என்றாள். பந்தைத் தவறவிடுவதிலும் ஒரு முறை வைத்திருந்தாராம்: டைரக்டர் எந்தத் தவறைத் திருத்த மிகவும் விரும்புகிறாரோ அந்தத் தவறை மட்டும் செய்வது, திருத்தியதும் கொஞ்சம் முன்னேறுவது, அடுத்த குழியில் மறந்துபோவது. கடைசிக் குழிக்குக் கொஞ்சம் முன்பாக ஒரே ஒரு அடி, அப்பழுக்கில்லாமல். டைரக்டர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொன்னாள். அதை நான் முழுதாக நம்பவில்லை.

இவள் வாடிக்கையாளர் ஆட்கள் மூவருடனும் ஆடினாள். அரிசிப் பை காலியாயிற்று. மூன்றாவது குழிவரை அவர்கள் பாராட்டினார்கள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பாதிக்கு மேல் குழியில் நட்டிருந்த கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை இவளுக்கு வந்தது. அதை நன்றாகச் செய்தேன் என்றாள்.

விண்ணப்பம், நேர்முகம் எல்லாம் முறைப்படி நடந்தன. மேனேஜர் திருச்சிக்காரர். அறிவிப்பு மின்னஞ்சல் வந்த அன்று டைரக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, திறமையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் ஒரு தலைவனுக்கு வேண்டியது வேறு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை, கற்றுக்கொள்ளும் பணிவு. அதை அந்த மனிதரிடம் தாம் நேரில் பார்த்ததாகச் சொன்னார்.

அவள் அழவில்லை. பாடம் படித்துக்கொண்டாள். எங்களுக்கு அது கைவந்த கலை.

அடுத்து வந்த வேலை பெரியது. பழைய தரவு முழுவதையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். எடுத்து நடத்துபவருக்குத் தனிக்குழு கிடைக்கும். முந்தைய கம்பெனியில் அவள் அதே வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்தவள். இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. கூட்டத்தில் டைரக்டர் அவளைப் பார்த்து, இது தெரியுமா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். தெரியாது, ஆனால் யாராவது சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ள மிகவும் ஆசை என்றாள்.

அன்று மாலை ஃபோன் செய்தாள்.

“என்ன சொன்னாரு?”

“தேங்க்ஸ் ஃபார் பீயிங் ஆனஸ்ட்னாரு. வெளியிலருந்து ஆள் எடுக்கச் சொல்லிட்டாரு.”

“முழங்கையைப் பிடிக்கலையா?”

“கொல்லுவேன்,” என்றாள். “உடனே நம்பிட்டாருடி. ஒரு செகண்ட் யோசிக்கக்கூட இல்ல. நாளைக்குப் போயி, எனக்கு அது நல்லாத் தெரியும்னு சொல்லிடட்டுமா?”

“சொன்னா பொய்னு நினைப்பாரு,” என்றேன்.